மெயில் வரவில்லை என்று போன் வந்தால்: யூனிக்ஸ் மெயில் சர்வர் பார்ப்பவர்களுக்கான கேள்வி பதில்

கிருஷ்ணகிரி, பர்கூர், ஓசூர் பக்கம் இருக்கும் சிறிய கம்பெனிகளுக்கு மெயில் சர்வர் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. மாங்கூழ் ஆலை, கிரானைட் அறுக்கும் இடம், சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் பட்டறை, தருமபுரியில் ஒன்றிரண்டு பள்ளிக்கூடம் என்று கலவையாக இருக்கும். பெரும்பாலும் லினக்ஸ், ஓரிரு இடத்தில் ஃப்ரீபிஎஸ்டி. மாங்காய் சீசன் வந்துவிட்டால் எனக்கும் சீசன்தான், ஏனென்றால் வெளிநாட்டில் இருந்து ஆர்டர் அனுப்பியவர் "அனுப்பி இரண்டு நாள் ஆகிறது" என்பார், இங்கே "அப்படி ஒன்று வரவே இல்லை அண்ணா" என்பார்கள், நடுவில் டிரம்களில் கூழ் அடைத்துக் காத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பதற்றமில்லாமல் எதை எந்த வரிசையில் பார்ப்பது என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். போஸ்ட்ஃபிக்ஸும் (மெயிலை வாங்கி அனுப்பும் மென்பொருள்) டவ்காட்டும் (பெட்டியில் வைத்துக் காட்டும் மென்பொருள்) இருக்கும் சர்வரை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன், சென்ட்மெயில், எக்ஸிம் பற்றி தேவையான இடத்தில் சொல்கிறேன். கட்டளைகளின் பெயரைத் தமிழில் ஒலிப்பாக எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

போன் வந்ததும் முதலில் என்ன கேட்பது?

சர்வருக்குள் போவதற்கு முன்னால் நான்கு விஷயம் கேளுங்கள். அனுப்பியவரின் முகவரி என்ன, யாருக்கு அனுப்பினார், எத்தனை மணிக்கு, அவருக்கு ஏதாவது திரும்பி வந்ததா. முகவரியை வாயால் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ளாதீர்கள், அனுப்பியவர் தன் "அனுப்பியவை" பெட்டியில் இருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் போடட்டும். நான் பார்த்த கேஸ்களில் கணிசமானவை அந்தப் படத்திலேயே முடிந்திருக்கின்றன. டாட் காம் என்பதில் கடைசி எழுத்து விட்டுப் போயிருக்கும், அல்லது கம்பெனிப் பெயரில் ஒரு எழுத்து இரட்டித்திருக்கும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: இந்த ஒருவரின் மெயில் மட்டும் வரவில்லையா, எல்லாருடையதுமா? ஒரே ஒருவருக்கு மட்டும் வரவில்லையா, ஆபீஸ் முழுக்கவா? இதற்குப் பதில் கிடைத்தால் பாதி தூரம் கடந்த மாதிரி. எல்லாருக்கும் எல்லாமும் நின்றுபோனால் டொமைன், டிஎன்எஸ் (டொமைன் பெயருக்கு ஐபி சொல்லும் அமைப்பு), வட்டு, சேவை என்று பெரிய இடத்தில் பாருங்கள். ஒருவரிடம் இருந்து ஒருவருக்கு மட்டும் என்றால் வடிகட்டி, முகவரி, அனுப்பியவர் பக்கத்துக் கோளாறு.

மெயில் நிஜமாகவே காற்றில் கரைந்து போகுமா?

மிக அரிதாக. பார்சல் சர்வீஸில் சரக்கு போடும்போது எல்ஆர் சீட்டு கொடுப்பார்கள் இல்லையா, ஓசூரில் ஏற்றி கிருஷ்ணகிரியில் மாற்றி சேலத்தில் இறக்கினாலும் ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்குவார். மெயிலும் அதே கணக்குதான். ஒரு சர்வர் இன்னொன்றிடம் மெயிலைக் கொடுத்து முடித்ததும், வாங்கியது 250 என்று தொடங்கும் பதிலைச் சொல்லும். அந்த 250 தான் கையெழுத்து. அதைச் சொன்ன நொடியில் இருந்து பொறுப்பு வாங்கிய சர்வருடையது: ஒன்று கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் முடியவில்லை என்று அனுப்பியவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். எஸ்எம்டிபி (மெயில் சர்வர்கள் தங்களுக்குள் பேசும் முறை) விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. 4 என்று தொடங்கும் பதில் வந்தால் "இப்போது முடியாது, பிறகு வா" என்று பொருள், சரக்கு அனுப்பியவர் கையிலேயே இருக்கிறது. 5 என்று தொடங்கினால் "வேண்டாம், எடுத்துக்கொண்டு போ".

அதனால் நம் வேலை மெயிலைத் தேடுவது அல்ல, கடைசியாகக் கையெழுத்துப் போட்டது யார் என்று தேடுவது.

லாக் எங்கே இருக்கும், எப்படிப் படிப்பது?

லாக் என்பது சர்வர் தான் செய்வதை எல்லாம் எழுதி வைக்கும் குறிப்பு. டெபியன், உபுண்டு என்றால் வார் அடைவுக்குள் லாக், அதற்குள் மெயில் டாட் லாக். ரெட்ஹாட் குடும்பத்திலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் புள்ளி இல்லாமல் மெயில்லாக். புதிய டெபியனில் ரிசிஸ்லாக் நிறுவாமல் விட்டிருந்தால் கோப்பே இருக்காது, ஜர்னல்சிடிஎல் கட்டளையில்தான் பார்க்க வேண்டும். கோப்பு காணவில்லை என்பதால் லாக் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அனுப்பியவரின் முகவரியை வைத்து கிரெப் (கோப்பில் ஒரு சொல்லைத் தேடும் கட்டளை) அடியுங்கள். ஒரு வரி கிடைத்தால் அதில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு க்யூ (மெயில் காத்திருக்கும் வரிசை) எண் இருக்கும், அதுதான் எல்ஆர் நம்பர். இப்போது அந்த எண்ணை வைத்து மறுபடி கிரெப். மெயில் உள்ளே வந்த வரி, மெசேஜ் ஐடி வரி, யாரிடம் இருந்து எத்தனை பைட் என்ற வரி, யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற வரி, கடைசியில் க்யூவில் இருந்து நீக்கப்பட்டது என்ற வரி எல்லாம் வரிசையாக வரும். நமக்கு வேண்டியது ஸ்டேட்டஸ் என்று இருக்கும் வரி. சென்ட் என்றால் அடுத்தவரிடம் கொடுத்தாகிவிட்டது, டிஃபர்டு என்றால் காத்திருக்கிறது, பவுன்ஸ்டு என்றால் திருப்பி அனுப்பியாகிவிட்டது. அதே வரியில் அடைப்புக்குறிக்குள் காரணம் இருக்கும். அதை முழுசாகப் படியுங்கள், தயவுசெய்து. முதல் பாதியைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்பவர்கள் பலர், விடை இரண்டாம் பாதியில் எழுதியிருக்கும்.

ஸ்பேம் வடிகட்டி நடுவில் இருந்தால் மெயில் அதற்குள் போய் வெளியே வரும்போது க்யூ எண் மாறிவிடும். பழைய எண்ணின் ஸ்டேட்டஸ் வரியில் புதிய எண் எழுதியிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். எத்தனை முறை எண் மாறினாலும் மெசேஜ் ஐடி மாறாது. சென்ட்மெயிலில் ஸ்டேட்டஸுக்குப் பதில் ஸ்டாட் என்று சுருக்கமாக இருக்கும். எக்ஸிம் சொல்லுக்குப் பதில் குறி போடும்: இடப்பக்க அம்பு வந்தது, வலப்பக்க அம்பு போனது, இரண்டு சமக்குறி காத்திருப்பது, இரண்டு நட்சத்திரம் தோற்றது.

நேரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வாடகைக்கு எடுக்கும் சர்வர்களில் கடிகாரம் பெரும்பாலும் யூடிசியில் ஓடும், நம்முடையதற்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். காலை 10:15க்கு அனுப்பினேன் என்று அவர் சொன்னால் லாக்கில் அது 4:45. இதைக் கணக்கில் எடுக்காமல் "பத்து மணிக்கு எதுவுமே வரவில்லை" என்று அடித்துச் சொல்லி, வாடிக்கையாளரிடம் சண்டை வரைக்கும் போன ஒரு ஆபீஸை எனக்குத் தெரியும்.

டெபியனில் வழக்கமான அமைப்பில் லாக் வாரம் ஒருமுறை மாறி நான்கு பழைய கோப்புகள்வரை இருக்கும், பழையவை சுருக்கப்பட்டிருப்பதால் கிரெப்புக்குப் பதில் ஸெட்கிரெப் அடிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குமேல் பழைய புகார் என்றால் தடயம் அழிந்திருக்கும். நான் பார்க்கும் சர்வர்களில் இதை ஓராண்டாக நீட்டி வைத்திருக்கிறேன், எழுத்துக் கோப்புதானே, சுருக்கினால் இடம் பிடிக்காது.

லாக்கில் அந்த முகவரியே இல்லை. அப்படியென்றால்?

மெயில் உங்கள் வாசலுக்கே வரவில்லை, அல்லது வந்தது வேறு வாசல். டிஎன்எஸ்ஸைக் கேட்கும் டிக் கட்டளையில் உங்கள் டொமைனின் எம்எக்ஸ் பதிவை (மெயிலை எந்த சர்வர் வாங்கும் என்று சொல்வது) கேளுங்கள். அது காட்டும் பெயரும், அந்தப் பெயர் காட்டும் ஐபியும் உங்கள் சர்வர்தானா? இணைய இணைப்பு கொடுப்பவரை மாற்றிவிட்டு ஐபி மாறியதை டிஎன்எஸ்ஸில் மாற்ற மறந்திருப்பார்கள். இரண்டு எம்எக்ஸ் இருந்தால் இரண்டாவதையும் பாருங்கள். எப்போதோ வைத்து யாரும் பார்க்காத பழைய பேக்கப் சர்வர் மெயிலை வாங்கி அடுக்கிக்கொண்டிருக்கலாம்.

டொமைன் புதுப்பிக்கப்பட்டதா என்றும் பாருங்கள். நினைவூட்டும் மெயில் வேலையை விட்டுப் போன கணக்காளரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும், ஒருநாள் வெப்சைட்டும் மெயிலும் சேர்ந்து நின்றுபோகும்.

இன்னொரு வாய்ப்பு: வாசலிலேயே மறுத்திருப்பீர்கள், ஆனால் நீங்கள் தேடிய விதத்தில் அது அகப்படவில்லை. மறுக்கப்பட்ட மெயிலுக்கு போஸ்ட்ஃபிக்ஸ் க்யூ எண் கொடுக்காது, நோக்யூ என்று எழுதி ரிஜெக்ட் போடும். இணைக்கும்போதே துண்டிக்கப்பட்டிருந்தால் அனுப்பியவரின் முகவரியே பதிவாகியிருக்காது, ஐபி மட்டும்தான் இருக்கும். அதனால் நோக்யூ வரிகளை அந்த நேரத்தை ஒட்டி மொத்தமாக எடுத்து ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள்.

திடீரென்று எல்லா மெயிலையும் ஸ்பேம் என்று மறுக்கிறது. யாரும் எதையும் மாற்றவில்லை.

சர்வர் எந்த டிஎன்எஸ்ஸைக் கேட்கிறது என்று பாருங்கள். 8.8.8.8 மாதிரிப் பொது டிஎன்எஸ் வழியாக ஸ்பேம்ஹாஸ் பட்டியலை (ஸ்பேம் அனுப்பும் ஐபிகளின் பட்டியல்) கேட்டால் அவர்கள் பட்டியல் பதிலைத் தருவதில்லை, 127.255.255.254 என்று ஒரு பிழைப் பதில் தருகிறார்கள். "பதில் வந்தாலே குற்றவாளி" என்று எழுதிய பழைய அமைப்பு இதையும் குற்றமாக எடுத்துக்கொண்டு ஊரில் உள்ள எல்லாரையும் வாசலில் நிறுத்திவிடும். ரூட்டரை மாற்றிய அன்றே இது ஆரம்பிக்கும், ரூட்டர் மாற்றியவருக்கு மெயிலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றே தோன்றாது. சர்வரிலேயே அன்பவுண்ட் போன்ற சொந்த ரிசால்வரை (டிஎன்எஸ் கேள்விக்கு விடை தேடும் மென்பொருள்) நிறுவி, அதை வேறு யாரிடமும் அனுப்பாமல் நேராகக் கேட்க வைப்பதுதான் தீர்வு.

முதல்முறை எழுதுபவரின் மெயில் மட்டும் தாமதமாக வருகிறது.

கிரேலிஸ்டிங். அறிமுகமில்லாதவரை 450 அல்லது 451 சொல்லித் திருப்பி அனுப்பி, மறுபடி வந்தால் மட்டும் வாங்கும் முறை. ஒழுங்கான சர்வர் மறுபடி வரும். ஆனால் பெரிய சேவைகள் ஒவ்வொரு முறையும் வேறு ஐபியில் இருந்து வருவதால் மணிக்கணக்கில் இழுக்கும், ஓடிபி வரும் பெட்டிக்கு இது ஒத்தே வராது. இப்போது நான் இதை யாருக்கும் போடுவதில்லை.

க்யூவில் நிறையக் கிடக்கிறது. காலி செய்துவிடலாமா?

கூடாது. மெயில்க்யூ அடித்தால் நீண்ட பட்டியல் வரும், இணையத்தில் தேடினால் போஸ்ட்சூப்பர் வைத்து எல்லாவற்றையும் அழிக்கும் ஒரு வரிக் கட்டளை உடனே கிடைக்கும், "க்யூ சிக்கிக்கொண்டது, சுத்தம் செய்தேன்" என்று சொல்லிவிடலாம். அங்கே கிடப்பது யாரோ ஒருவரின் பில், யாரோ ஒருவரின் வேலைக்கான விண்ணப்பம். அழித்தால் அனுப்பியவருக்கு ஒரு தகவலும் போகாது. மெயில் நிஜமாகவே காணாமல் போவதை நான் பார்த்தது பெரும்பாலும் இந்த ஒரு வழியில்தான், அதைச் செய்தது மனிதர்தான், மென்பொருள் அல்ல.

ஒவ்வொன்றுக்கும் கீழே காரணம் எழுதியிருக்கும், அதைப் பாருங்கள். எல்லாமே ஒரே ஊருக்கு, அதாவது ஒரே டொமைனுக்கு, ஒரே காரணமா? அப்படியென்றால் எதிர்ப்பக்கத்து சர்வர் படுத்திருக்கிறது, விட்டுவிடுங்கள். எல்லா ஊருக்கும் இணைப்புக் காலாவதி என்றால் உங்கள் வெளிவாசல் 25ஆம் எண் போர்ட்டை இணைய இணைப்பு கொடுப்பவர் அடைத்திருக்கலாம். பிராட்பேண்டில் இது சாதாரணம், அமேசான், கூகுள் மேகச் சர்வர்களிலும் அந்த வாசல் இயல்பாக அடைத்தே இருக்கும். வேறொரு ரிலே (நம் மெயிலை வாங்கி வெளியே அனுப்பும் சர்வர்) வழியாக 587இல் அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும்.

போஸ்ட்ஃபிக்ஸ் 5 நிமிடத்தில் மறுபடி முயன்று, தோற்கத் தோற்க இடைவெளியைக் கூட்டும், அதிகபட்சம் 4000 வினாடி, அதாவது ஒரு மணிக்குக் கொஞ்சம் மேல். 5 நாள் வரைக்கும் வைத்திருந்து பிறகுதான் திருப்பி அனுப்பும். இதில் சங்கடம் என்னவென்றால், "உங்கள் மெயில் இன்னும் போகவில்லை" என்ற இடைக்கால எச்சரிக்கை போஸ்ட்ஃபிக்ஸில் இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அனுப்பியவர் போய்விட்டது என்று ஐந்து நாள் நம்பிக்கொண்டிருப்பார். டிலே வார்னிங் டைம் என்ற அமைப்பை 4 மணி நேரம் என்று போடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் இன்றைக்கே செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஹேக் ஆன கணக்கில் இருந்து குப்பை மெயில் குவிந்திருந்தால் மட்டும் அழிக்கலாம், அதுவும் அந்த அனுப்புநருடையதை மட்டும் பிரித்து எடுத்து. சந்தேகமாக இருப்பதை ஹோல்டில் நிறுத்தி வையுங்கள்.

லாக்கில் சென்ட் என்று இருக்கிறது, பெட்டியில் இல்லை என்கிறார்.

அதிகம் கேட்கப்படுவது இதுதான், நேரம் எடுப்பதும் இதுதான்.

முதலில் சென்ட் வரியில் எங்கே கொடுத்தது என்று பாருங்கள். வேறொரு முகவரிக்குப் போயிருந்தால் ஏதோ ஒரு ஃபார்வேர்டு வேலை செய்கிறது: அலியாஸ் கோப்பு, அல்லது அவர் வீட்டு அடைவில் புள்ளி ஃபார்வேர்டு. டவ்காட்டிடம் கொடுத்திருந்தால் டவ்காட்டின் வரியில் எந்த ஃபோல்டரில் வைத்தது என்று சீவ் (மெயிலை விதிப்படி பிரிக்கும் பகுதி) எழுதியிருக்கும். ஜங்க் என்றோ, யாரோ எப்போதோ செய்த விதியில் பழைய ஃபோல்டர் என்றோ இருக்கும். சீவில் டிஸ்கார்டு என்றால் சத்தமில்லாமல் எறிந்துவிடும். பழைய சர்வர் என்றால் புள்ளி ப்ராக்மெயில்ஆர்சி என்ற விதிக் கோப்பைத் திறந்து டெவ் நல் என்று எங்காவது இருக்கிறதா பாருங்கள். ஸ்பேமுக்கு என்று எழுதிய விதியில் ஒரு புள்ளி தப்பாகி நல்ல மெயிலையும் அங்கே தள்ளிவிடும். டெவ் நல்லுக்குப் போனது திரும்பாது, அதனால் எந்த விதியையும் அங்கே முடிக்காதீர்கள், ஒரு ஃபோல்டருக்கு அனுப்பி மாதம் ஒருமுறை அழியுங்கள்.

ஃபோல்டரில் கோப்பு இருக்கிறது, அவர் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை என்றால்? ஐமேப்பில் (மெயிலை சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) ஒரு ஃபோல்டருக்குச் சப்ஸ்கிரைப் செய்யவில்லை என்றால் அவுட்லுக், தண்டர்பேர்டு போன்றவை அதைக் காட்டாமல் விடலாம். தேதியும் ஏமாற்றும். ஓசூரில் ஒரு பட்டறையில் ஸ்கேனரில் இருந்து வரும் மெயில் மட்டும் வருவதே இல்லை என்றார்கள். ஸ்கேனரின் பேட்டரி போய் அதன் கடிகாரம் 2010இல் நின்றிருந்தது, மெயில்கள் எல்லாம் பெட்டியின் அடியில் பழைய தேதியில் ஒழுங்காக அடுக்கியிருந்தன.

அப்புறம் பாப், அதாவது மெயிலைத் தன் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் முறை. இரண்டு பேர் ஒரே பெட்டியை வைத்திருக்கும் இடத்தில் முதலில் கேளுங்கள்: முதலாளி வீட்டுக் கம்ப்யூட்டரில், மகன் போனில், பழைய மேனேஜர் லேப்டாப்பில் இந்தக் கணக்கு இருக்கிறதா? பாப்பில் "சர்வரில் ஒரு பிரதி விடு" என்பதைத் தேர்வு செய்யாமல் விட்டால், முதலில் கேட்டவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார், மற்றவருக்கு வெறும் பெட்டிதான். டவ்காட் லாக்கில் எந்த ஐபியில் இருந்து யார் உள்ளே வந்து எத்தனை மெயில் எடுத்தார், எத்தனை அழித்தார் என்று இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை இப்படித் தேடியபோது, வகுப்பில் இருந்து எடுத்து வைத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று ஸ்டோர் ரூமில் மூடிய திரையோடு ஓடிக்கொண்டே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டிருந்தது. எல்லா மெயிலும் அதில் பத்திரமாக இருந்தன.

ஷெல்லில் நேரடியாக மெயில் கட்டளை அடித்துப் படிக்கும் பழக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. அதில் படித்துவிட்டு க்யூ எழுத்தை அடித்து வெளியே வந்தால், படித்த மெயில்கள் பொதுப்பெட்டியில் இருந்து உங்கள் வீட்டு அடைவில் எம்பாக்ஸ் என்ற கோப்புக்கு நகர்ந்துவிடும். ஐமேப்பில் அவை தெரியாது. காணாமல் போனதாகப் பதற வேண்டாம், அந்தக் கோப்பில் இருக்கும்.

மெயில்டிர் வடிவம் (ஒவ்வொரு மெயிலும் தனிக் கோப்பு) என்றால் கோப்பின் பெயரே பேசும். புதியது நியூ அடைவில், ஏதாவது ஒரு சாதனம் பார்த்தது கர் அடைவில் இருக்கும். பெயரின் கடைசியில் எஸ் இருந்தால் படிக்கப்பட்டது, டி (ட்ராஷின் முதல் எழுத்து) இருந்தால் அழிப்பதற்குக் குறி வைக்கப்பட்டது. "வரவே இல்லை" என்று சொல்பவரின் மெயிலில் எஸ் இருந்தால், நான் அவரைப் பொய் சொல்கிறார் என்று நினைப்பதில்லை. அவர் போன் திறந்திருக்கும், அவருக்கே தெரிந்திருக்காது. அதை அவர் மானம் போகாமல் சொல்லத் தெரிய வேண்டும்.

வட்டில் இடம் இருக்கிறது, ஆனாலும் இடம் இல்லை என்கிறது.

டிஎஃப் கட்டளையை ஐ தெரிவோடு அடியுங்கள். மெயில்டிரில் ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு, ஒரு கோப்புக்கு ஒரு ஐநோடு (வட்டில் அந்தக் கோப்பின் பதிவு). ஈஎக்ஸ்டி4 வட்டை அமைக்கும்போதே ஐநோடுகளின் எண்ணிக்கை முடிவாகிவிடும், வழக்கமாக 16 கிலோபைட்டுக்கு ஒன்று. லட்சக்கணக்கில் குட்டி மெயில்கள் சேர்ந்தால், மண்டியில் இடம் காலியாக இருந்தும் போடுவதற்கு கூடை தீர்ந்துபோன கதைதான். க்ரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) ரூட்டுக்கு, அதாவது நிர்வாகிக் கணக்குக்கு, அனுப்பும் மெயிலை யாரும் பார்க்காமல் விடுவதே பெரும்பாலும் காரணம்.

பெரிய இணைப்பு உள்ள மெயில் மட்டும் வரவில்லை.

போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான உச்ச அளவு 10240000 பைட். இணைப்பு பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக மாறும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊதும், அதனால் எட்டு எம்பி படமே எல்லையைத் தாண்டிவிடும். அனுப்பியவருக்குத் திரும்பிய தகவல் போயிருக்கும், ஆங்கிலத்தில் நீளமாக இருந்ததால் படிக்காமல் அழித்திருப்பார். அளவைக் கூட்டினால் மெயில்பாக்ஸ் சைஸ் லிமிட் என்பதையும் பாருங்கள், எம்பாக்ஸ் வடிவத்தில் (பெட்டி முழுக்க ஒரே கோப்பு) அது இயல்பாக 51200000 பைட், அதற்குமேல் பெட்டியில் எழுத மறுக்கும்.

வெப்சைட் ஃபார்மில் நிரப்புவது மட்டும் எங்களுக்கு வருவதில்லை. வெளியாருக்குப் போகிறது.

மெயிலை எப்போதாவது கூகுளுக்கோ மைக்ரோசாஃப்ட்டுக்கோ மாற்றினீர்களா? வெப்சைட் பழைய சர்வரிலேயே இருக்கிறதா? அப்படியென்றால் பழைய சர்வரின் மைடெஸ்டினேஷன் பட்டியலில் உங்கள் டொமைன் இன்னும் இருக்கும். "இந்த டொமைன் நான்தான்" என்று அது நினைத்துக்கொண்டு, எம்எக்ஸைக் கேட்காமலேயே தன்னிடம் இருக்கும் பழைய பெட்டியில் போட்டுவிடும். லாக்கில் ரிலே என்ற இடத்தில் லோக்கல் என்று இருக்கும், அதுதான் அடையாளம். தருமபுரிப் பக்கம் ஒரு பள்ளியில் மூன்று மாதச் சேர்க்கை விசாரணைகள் இப்படி ஒரு பழைய பெட்டியில் கிடந்தன, பெற்றோர்கள் பதிலே இல்லை என்று வேறு பள்ளிக்குப் போயிருந்தார்கள். அந்த ஒரு சொல்லைப் பட்டியலில் இருந்து எடுத்து ரீலோடு செய்ய ஒரு நிமிடம் ஆனது.

ஜிமெயிலுக்கு அனுப்பினால் போவதில்லை, அல்லது ஸ்பேமில் விழுகிறது.

2024 பிப்ரவரியில் இருந்து ஜிமெயில் அனுப்புநர் அனைவரிடமும் எஸ்பிஎஃப் (எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற டிஎன்எஸ் பதிவு) அல்லது டிகேஐஎம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து) கேட்கிறது, ஐபிக்குச் சரியான தலைகீழ் டிஎன்எஸ் பதிவும் (ஐபியைக் கேட்டால் பெயர் சொல்வது) வேண்டும். நாளுக்கு 5000 மெயிலுக்குமேல் அனுப்புபவர்களுக்கு இரண்டும், கூடவே டிமார்க்கும் (இவை தோற்றால் என்ன செய்வது என்ற பதிவு) கட்டாயம். மறுப்பு வரியில் 5.7.26 என்று இருந்தால் இந்தச் சிக்கல்தான். இங்கே நான் அதிகம் பார்க்கும் தவறு ஒரே டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் பதிவு இருப்பது: வெப்சைட் செய்தவர் ஒன்று, மெயில் வைத்தவர் ஒன்று போட்டிருப்பார்கள். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது, ஒன்றாகச் சேர்த்து எழுத வேண்டும்.

கம்பெனி முகவரிக்கு வருவதை அப்படியே ஜிமெயிலுக்குத் திருப்பிவிடும் பழக்கத்தையும் விடச் சொல்வேன். திருப்பி அனுப்பும்போது உங்கள் சர்வர் ஐபி, அனுப்பியவரின் எஸ்பிஎஃப்பில் இருக்காது, அங்கே தோற்கும்.

பிசிசியில் போட்டவர்களுக்கு மட்டும் வரவில்லை.

மொத்த டொமைனுக்கும் ஒரே பாப் பெட்டி வைத்து, ஃபெட்ச்மெயில் அதை இழுத்து ஆபீஸுக்குள் பிரித்துக் கொடுக்கும் பழைய ஏற்பாடு இன்னும் சில இடத்தில் ஓடுகிறது. அது டூ, சிசி தலைப்புகளைப் பார்த்துத்தான் பிரிக்கும். பிசிசி பெயர் தலைப்பில் இருக்காது, அதனால் யாருக்கு என்று தெரியாமல் போஸ்ட்மாஸ்டர் பெட்டியில் விழும். சரிசெய்ய முயலாதீர்கள், ஆளுக்கொரு பெட்டிக்கு மாறுங்கள்.

மழைக்காற்றில் கரண்ட் போனபோது வந்துகொண்டிருந்த மெயில் போயிருக்குமா?

போயிருக்காது. போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை வட்டில் எழுதி, எழுதியது நிலைத்ததா என்று உறுதி செய்த பிறகுதான் 250 சொல்லும். நடுவில் கரண்ட் போனால் கையெழுத்துப் போடவில்லை என்று பொருள், அனுப்பியவர் சர்வர் மறுபடி வரும். விதிப்படி அது நான்கைந்து நாளாவது முயன்றாக வேண்டும். அதனால் ஒரு இரவு முழுக்க சர்வர் நின்றிருந்தாலும் கவலைப்படாதீர்கள். வட்டு தன் கேஷில் வைத்துக்கொண்டே எழுதிவிட்டேன் என்று சொல்லும் மலிவு வகையாக இருந்தால் மட்டும் ஆபத்து, அதற்கு யூபிஎஸ் வைத்து ஒழுங்காக அணைய விடுங்கள்.

தவறி அழித்ததைத் திரும்ப எடுக்க முடியுமா?

முதலில் எந்தக் கருவியிலும் "சுத்தம் செய்" என்பதைத் தொடாமல் இருக்கச் சொல்லுங்கள். மெயில்டிரில் டி குறி மட்டும் விழுந்திருந்தால் கோப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது, குறியை எடுத்தால் போதும். எக்ஸ்பஞ்ச் (நிரந்தர நீக்கம்) ஆகிவிட்டால் பேக்கப்தான். பேக்கப்பைத் திருப்பும்போது பழைய பெட்டியின்மேல் கொட்டாதீர்கள், தனி ஃபோல்டரில் வைத்து வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் பேக்கப்புக்குப் பிறகு வந்தவை குழம்பிவிடும்.

தேடும்போது மற்றவர்களின் மெயிலைத் திறந்து பார்க்க வேண்டி வருமா?

வராது, வரவும் கூடாது. லாக்கில் அனுப்பியவர், பெறுபவர், நேரம், அளவு, மெசேஜ் ஐடி இவ்வளவுதான். தலைப்புகூட இயல்பாகப் பதிவாவதில்லை. இது போதும். போஸ்ட்கேட் கட்டளையில் க்யூவில் இருப்பதைத் திறக்க முடியும், ஆனால் தலைப்புப் பகுதி மட்டும் காட்டச் சொல்லும் தெரிவு இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். முதலாளி கேட்டாலும் ஊழியரின் மெயிலை நான் திறந்து காட்டுவதில்லை. நம்பித்தான் நம்மிடம் சர்வரைக் கொடுக்கிறார்கள், எல்லாருமே.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, எங்கள் பக்கம் வரவில்லை என்று உறுதி. அனுப்பியவரிடம் என்ன சொல்வது?

"எங்களிடம் வரவில்லை" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள், அவர் நம்ப மாட்டார், நம்பினாலும் அவரால் எதுவும் செய்ய முடியாது. அவர்கள் பக்கம் சர்வர் பார்ப்பவருக்கு எழுதுங்கள். இன்ன முகவரியில் இருந்து இன்ன முகவரிக்கு, இன்ன தேதி, இந்திய நேரம் இத்தனை மணி, யூடிசியில் இத்தனை மணி, எங்கள் சர்வரின் ஐபி இது, அந்த நேரத்துக்கு அரை மணி முன்னும் பின்னும் உங்கள் ஐபியில் இருந்து இணைப்பு எதுவும் எங்கள் லாக்கில் இல்லை, உங்கள் லாக்கில் இந்த மெயிலின் டெலிவரி வரியை அனுப்ப முடியுமா என்று. அவர் அனுப்பும் வரியில் 250 இருந்தால் அதன் பின்னால் ஒரு க்யூ எண்ணும், பெற்றுக்கொண்ட சர்வரின் பெயரும் ஐபியும் இருக்கும். ஐபி உங்களுடையது என்றால் அந்த எண்ணை வைத்து உங்கள் லாக்கில் மறுபடி முதலில் இருந்து தேடுங்கள். வேறு யாருடையதோ என்றால் அந்த சர்வர் யாருடையது என்று பாருங்கள், மெயில் அங்கேதான் இருக்கிறது.